இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர்

கோபிகிருஷ்ணன் வேலை பார்த்த கம்பெனிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. ஆனால் ரேணிகுண்டா ஜங்ஷனில் ஷேர் ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ஒயர் கம்பெனி என்றால் போதும், கேட் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, பெட்டியில் அடுக்கி, சென்னைக்கும் புனேவுக்கும், சென்னைத் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிற இடம் அது. எண்ணூறு பேர் வேலை செய்தார்கள். அறுநூறு பேருக்கு மேல் பெண்கள்.

கோபி எட்டு வருடம் அங்கே லைனில் நின்றவன். குப்பம் பக்கத்தில் சாந்திபுரம் அவனுடைய ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பெங்களூரில் செக்யூரிட்டியாக இருந்த இரண்டு வருடத்தில் பொறுக்கிக்கொண்ட இங்கிலீஷ். இந்த மூன்று பாஷையை வைத்துத்தான் 2015-ல் அவனை லைனிலிருந்து எடுத்து வெல்ஃபேர் அசிஸ்டென்ட் என்று உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. எட்டு வருடத்தில் முதல் தடவையாக டியூட்டி நேரத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. முதல் வாரம் முழுக்க, லைன் பெண்கள் யாராவது ஆபீஸ் பக்கம் வந்தால் அவன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுவான்.

லைன் என்றால், சாய்த்து வைத்த பெரிய பலகைகள் சங்கிலியில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பலகையோடு கூடவே நாலு எட்டு நடந்தபடி ஒயரைக் கொக்கியில் மாட்டி, டேப் சுற்றி, பின்னால் வந்து அடுத்த பலகையைப் பிடிக்க வேண்டும். காலை ஆறரையிலிருந்து மூன்று மணி வரை இதுதான் வேலை. நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி, டீக்கு இரண்டு தடவை பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான்.

அவனிடம் முதன்முதலில் வந்து ஸ்டூல் கேட்டவள் வெங்கடம்மா. அவளும் சாந்திபுரம்தான், கோபி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. புருஷன் கங்கையா ஊரிலேயே இருந்து குத்தகை நிலத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார். மகள் சிவசங்கரி குப்பத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தாள். வெங்கடம்மா நாலு பெண்களோடு ரேணிகுண்டாவில் ஒரு ரூமில் இருந்தாள். நாற்பது வயது. லைனில் அவளைவிட மூத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். ஆபீசர்களிடம் எல்லோரையும் போலத் தெலுங்கில் பேசுவாள். கோபியிடம் தமிழ்தான். அவனை அவள் சின்ன வயதிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தாள்.

ஒருநாள் டீ நேரத்தில் அவன் ரூம் வாசலில் நின்றபடியே பேன்ட்டின் கீழ்மடிப்பை முழங்கால் வரை ஏற்றிக் காட்டினாள். இடது கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருந்தன. கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்துப் பளபளத்தது.

"கோபி, லைனுக்கு நாலு ஸ்டூல் கேளு. மாத்தி மாத்தி குந்திக்கறோம். ஒரு ஆளுக்கு மணிக்கு அஞ்சி நிமிசம் போதும்."

அன்று சாயந்திரமே அவன் மனு எழுதினான், தெலுங்கில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. ஹெச்.ஆர். மேனேஜர் ஹரிபாபு குண்டூர் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் யாருக்காவது வீட்டில் சாவு என்றால் லீவை அரைநிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மனுவைப் படித்துவிட்டு, லைன் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் புனே ஹெட் ஆபீசில் வரைந்து அனுப்புவது, நகர்கிற லைன் ஓரம் ஸ்டூல் போட்டால் தடுக்கி விழுவார்கள் என்று சேஃப்டிக்காரர்கள் விடமாட்டார்கள், ஆனாலும் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து கோபி மறுபடி எழுதினான். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது மனுவில் நூற்றுப் பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பதில் வந்தது, ஜிம்மாக.

ஒயரை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர் ஆரோக்கியத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்ததாம். புனேவில் உட்கார்ந்து யோசித்தவர்கள் எல்லா ஃபேக்டரியிலும் ஜிம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். 2017 ஜூனில் லாரியில் மெஷின்கள் வந்து இறங்கின. ஓடுகிற பட்டை வைத்த மெஷின் நாலு, நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஆறு, இரும்பு குண்டுகள், சுவர் முழுக்கக் கண்ணாடி. வைக்க இடம் தேடியபோது கேன்டீனுக்குப் பின்னாலிருந்த பெண்கள் ரூம்தான் அகப்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பாய் விரித்து, காலைச் சுவரில் ஏற்றி வைத்துப் பத்து நிமிடம் படுத்துக் கிடந்த ரூம் அது. பாய்களைச் சுருட்டி ஸ்டோரில் போட்டார்கள். ஏ.சி. மாட்டினார்கள். வாசலில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வியர்வையே இல்லாமல் ஓடுகிற படம் ஒட்டினார்கள்.

கோபி நேரே ஹரிபாபுவிடம் போய், சார், நாங்கள் கேட்டது உட்கார, என்றான். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஸ்டூலுக்குப் புனே பட்ஜெட்டில் தலைப்பே கிடையாது, வெல்னஸ் என்கிற ஆரோக்கியத் திட்டத்துக்குத்தான் இருக்கிறது, வந்ததை வேண்டாம் என்றால் அடுத்து எதுவும் வராது என்றார். பிறகு, ஜிம்மை நடத்துகிற பொறுப்பு கோபியுடையது என்றும், லைனில் பாதிப் பேராவது தினம் வந்தாக வேண்டும் என்றும் சொல்லி, ஒவ்வொருவர் கார்டையும் மெஷினில் வைத்துப் பதிவு செய்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்றரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பும். நடுவில் இருக்கிற அரைமணியில்தான் ஜிம். முதல் வாரம் ஈ காக்கை வரவில்லை. எட்டரை மணி நேரம் நின்றவளை ஓட வா என்று கூப்பிட கோபிக்கும் நா எழவில்லை. வாசலில் நின்றுகொண்டு போகிறவர்களைப் பார்ப்பான். அவர்கள் இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது வாரம் வெங்கடம்மா உள்ளே வந்தாள். கண்ணாடியில் தன்னை ஒருதரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த சைக்கிளின் மேல் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது, ஏ.சி. நல்லா கீது கோபி, என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் பக்கத்துப் பலகைக்காரி சந்தியாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாரக் கடைசியில் சைக்கிளுக்கு வரிசை நின்றது. ஃபேக்டரி முழுக்கத் தேடினாலும் பெண்கள் உட்கார ஆசனம் என்று இருந்தது அந்த ஆறு சைக்கிள்கள்தான். அஞ்சு அஞ்சு நிமிடமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குண்டு தூக்குகிற பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஓடுகிற பட்டையை நிறுத்தி வைத்துவிட்டு அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். கோபி ஒவ்வொருவர் கார்டையும் வாங்கி மெஷினில் வைத்து வருகையைப் பதிந்தான். ரிப்போர்ட்டில் அவர்கள் யூனிட் புனே ஃபேக்டரியையே தாண்டிவிட்டது. ஹரிபாபு அவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். எப்படியோ ஜனங்களுக்கு ஒரு உட்காருகிற இடம் கிடைத்ததே என்று கோபிக்கு அந்த இரண்டு மாதமும் மனசு நிறைந்திருந்தது.

ஆகஸ்டில் அது முடிந்தது. சைக்கிள்கள் வெறும் வருகையை மட்டும் அல்ல, தூரத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. தினம் எழுபது பேர் வருகிறார்கள், எல்லோரும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லையே என்று புனேவிலிருந்து கேட்டார்கள். ஹரிபாபு முதல் தடவையாக அவனிடம் குரலை உயர்த்தினார். அப்புறம் புது விதி வந்தது. ஒரு கார்டுக்கு ஒரு கிலோமீட்டர் ஓடினால்தான் வருகை. வருகை குறைந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கிரேடு குறையும். கான்ட்ராக்ட் பெண்களை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த கிரேடு பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முன்பு விருப்பப்பட்டால் வரலாம் என்று இருந்தது, இப்போது வராமல் இருக்க முடியாது என்று ஆனது.

இளவயசுப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். வெங்கடம்மா முதல் நாள் முக்கால் கிலோமீட்டர் மிதித்துவிட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைக் கீழே வைக்க முடியவில்லை. கோபி பார்த்துக்கொண்டிருந்தான். அவளையும் அவளைப் போன்ற இன்னும் நாலு பேரையும் மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு ஒவ்வொரு கார்டாக மெஷினில் வைத்து அவனே மிதித்தான்.

அஞ்சு பேருக்கு அஞ்சு கிலோமீட்டர். முதல் வாரம் தொடை இரண்டும் கனத்துக் கல்லாகிவிட்டன. பிறகு பழகிப்போனது. அவன் மனைவி துர்காதேவி, பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறதே, உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோய்க் கேட்டாள். கம்பெனியில் எக்சர்சைஸ் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அது பொய்யில்லை. வெங்கடம்மாவின் கார்டுதான் எப்போதும் கடைசி. அதை வைத்து மிதிக்கும்போது அவசரம் இருக்காது. ஊரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ யோசித்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருப்பான். திரையில் மூன்று ஆகும், நாலு ஆகும், சில நாள் ஆறுகூட ஆகும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

பார்த்தார்கள். அக்டோபர் கடைசியில் புனேவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எல்லா ஃபேக்டரிகளிலும் அதிக தூரம் ஓட்டிய பெண் தொழிலாளி, ரேணிகுண்டா யூனிட், வெங்கடம்மா, இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர்.

கோபி அதை ஹரிபாபுவின் கம்ப்யூட்டரில் பார்த்தவுடன் நாள்கணக்கைக் கூட்டிப் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. அவரோ சந்தோஷத்தில் இருந்தார். நாற்பத்திரண்டு வயது அம்மா, இருபது வயதுப் பெண்களையெல்லாம் தோற்கடித்துவிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேன்டீன் வாசலில் வெங்கடம்மாவின் போட்டோவைப் பெரிதாக ஒட்டினார்கள். சால்வை போட்டார்கள். மேடையில் அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்ததும், இன்னா பண்ணி வெச்ச நீ, என்று கோபியை மெதுவாகக் கேட்டாள். கோபமாக இல்லை, கொஞ்சம் சிரிப்பாகத்தான் கேட்டாள். கிரேடு நன்றாக வரும், வேலைக்கு ஆபத்தில்லை அக்கா, என்று அவன் சமாதானம் சொன்னான். அப்படித்தான் அவனும் நம்பினான்.

நவம்பரில், ஒயர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்வையிட வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெட்டிய நரைமுடி, கையில் சின்ன நோட்டு. எதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவராகத் தெரியவில்லை. பாத்ரூம் கதவுகளைத் திறந்து பார்த்தார். தீயணைக்கிற சிலிண்டரின் தேதியைக் குனிந்து படித்தார். ஜிம்முக்கு வந்ததும், தொழிலாளி ஒருவரோடு பேச வேண்டும் என்றார். ஹரிபாபு முன்பே யோசித்து வைத்திருந்தார். வெங்கடம்மாவை லைனிலிருந்து அழைத்து வந்தார்கள். இங்கிலீஷுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்க கோபியைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மாள் முதலில் வெங்கடம்மாவுக்குக் கை கொடுத்தார். பிறகு, இந்த ஜிம் வந்ததிலிருந்து உங்களுக்கு என்ன மாறியிருக்கிறது, எதையும் பயப்படாமல் சொல்லுங்கள், வேறு ஏதாவது தேவையா என்று கேட்டார். கேட்ட விதத்தில் உண்மையாகவே தெரிந்துகொள்கிற ஆசை இருந்தது. கோபி அதைத் தெலுங்கில் சொன்னான்.

வெங்கடம்மா பக்கத்தில் நின்ற ஹரிபாபுவை ஒரு பார்வை பார்த்தாள். ஹரிபாபுவுக்குத் தமிழ் வராது. அது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் கோபியின் பக்கம் திரும்பித் தமிழில் வேகமாகச் சொன்னாள்.

"கோபி, இந்தம்மா கிட்ட நீ சொல்லு. எங்களுக்கு சைக்கிளு வேணா, குந்தறதுக்கு ஸ்டூலு போதும். நாங்க இங்க வர்றதே குந்தறதுக்குத்தான். என் கால்ல புண்ணு வெச்சிருச்சி. ஷூவுக்குள்ள ஈரமா கீது இப்போ. பாக்கறாங்கன்னா கயட்டிக் காட்டறேன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். புண் விஷயம் அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தில் தன் மனதில் என்னென்ன ஓடியது என்று கோபி பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். இவளால் நிற்கவே முடியாது என்று சொன்னால் அப்புறம் இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டரை ஓட்டியது யார் என்கிற கேள்வி வரும். கார்டுகளை வைத்துப் பொய்ப் பதிவு செய்தவன் தான். தன் வேலை போகும். அஞ்சு பெண்கள் வேலையும் கூடவே போகும். அவர்களுக்குத் தெரிந்தே நடந்ததல்லவா. ஹரிபாபு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இங்கே வருவது இவருக்குப் பிடித்திருக்கிறது, காலுக்கு நல்லது என்று சொல்கிறார், கம்பெனிக்கு நன்றி சொல்கிறார். இதைத்தான் அவன் இங்கிலீஷில் சொன்னான். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துபோனது. வெங்கடம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார்.

வெங்கடம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. கால் அழுகுகிறது என்று சொன்னால் யாரும் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்க மாட்டார்கள். போட்டோவுக்கு நின்றபோது அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கோபியையும் பார்க்கவில்லை. எதிர்க் கண்ணாடியில் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பன்ச்சிங் மெஷின் அருகே அவளை மறித்து, அக்கா, கால் எப்பிடி கீது, என்று கேட்டான். அவள் நின்றாள்.

"பாகுந்தி சார்," என்றாள்.

நன்றாக இருக்கிறது சார். ஹரிபாபுவிடம் பேசுகிற அதே தெலுங்கு, அதே சார். முப்பத்தாறு வருடத்தில் சாந்திபுரத்துக்காரர் ஒருவர் அவனைச் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் அவனிடம் தமிழில் பேசவே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், மரியாதையாக, தெலுங்கில். ஜிம்முக்கு வந்து கார்டை அவனிடம் கொடுக்காமல் தானே வைத்துத் தானே மிதித்தாள். வேண்டாம் அக்கா என்று அவன் இரண்டு தடவை கார்டுக்குக் கை நீட்டினான். கேட்காதது போல மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிலோமீட்டர் ஆனதும் இறங்கி, கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டுப் போவாள்.

டிசம்பரில் அவளால் முடியாமல் போனது. பேக்கிங்கில் மேசைமுன் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற வேலை இரண்டு பேருக்கு உண்டு. அதற்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். அந்தக் கோரிக்கை கோபியின் வழியாக வரவில்லை, நேராக சூப்பர்வைசருக்கும் அவரிடமிருந்து ஹரிபாபுவுக்கும் போனது. ஹரிபாபு ரிகார்டைப் பார்த்தார். கால் சரியில்லாதவர்களுக்குத்தான் அந்த மேசை. இந்த அம்மாவோ எல்லா ஃபேக்டரியிலும் அதிக தூரம் சைக்கிள் ஓட்டியவர். உட்கார்ந்த வேலைக்கு ஆசைப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டு முடியாது என்று எழுதினார்.

அன்று கோபி அவர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினான். தெலுங்கில் ஒரே மூச்சாகச் சொன்னான். அந்த இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டரும் என்னுடையது சார். அதில் ஒன்றைக்கூட அந்த அம்மா ஓட்டவில்லை, அவர் காலால் முடியாது. அன்றைக்கு வெள்ளைக்கார அம்மாளிடம் அவர் ஸ்டூல்தான் கேட்டார், நான்தான் மாற்றிச் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவரை மேசையில் உட்கார வையுங்கள்.

ஹரிபாபு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், நீ இதை என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை என்றார். அந்த போட்டோ, ஒயர் வாங்குகிற கம்பெனியின் வருட ரிப்போர்ட்டில் அச்சாகிவிட்டது. அவர் பேச்சு என்று நீ சொன்னது அவர் பேருக்குக் கீழே இருக்கிறது. இது பொய் என்று வெளியே வந்தால் ஆர்டர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எண்ணூறு பேர் இருக்கிறார்கள். ஹரிபாபு மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. கடைசியில், இப்போது அந்த அம்மாவை மேசையில் உட்கார வைத்தால் ஏன் என்று புனேவில் கேட்பார்கள், நான் என்ன எழுதுவேன், நீயே சொல் என்றார்.

கோபி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். லைன் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடம்மா பலகையோடு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து, மறுபடி நாலு எட்டு நடந்தாள்.

பொங்கல் முடிந்து வந்தவர்களில் அவள் இல்லை. மூன்று நாள் கழித்து சந்தியா வந்து சொன்னாள். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்ததில் கால் வீங்கி, அன்றே ரூமில் ஷூவைக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டி எடுத்தார்களாம். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம், வேலைக்கு இனி வரவில்லை என்று சூப்பர்வைசருக்குச் சொல்லிவிடச் சொன்னாளாம். உங்களுக்கு ஏதும் சொல்லச் சொல்லவில்லை அண்ணா என்று சந்தியா தானாகவே சேர்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை அவனுக்கு வார லீவு. பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜனம் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தது. வெங்கடம்மா ஒரு தூண் ஓரமாக, கட்டுப் போட்ட காலைத் துணிப்பை மேல் நீட்டி வைத்துக்கொண்டு இருந்தாள். கட்டு முழங்கால் வரை ஏறியிருந்தது. முகம் இளைத்து, கன்ன எலும்பு தெரிந்தது. அவனைப் பார்த்ததும் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"வா கோபி. எதுனா துன்னியா?" என்றாள்.

தமிழ். பேர் சொல்லி. சாப்பிட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தான். அதற்குள் அவளாகவே பேச ஆரம்பித்தாள். கங்கையா மத்தியானம் வருகிறார், கூட்டிக்கொண்டு போகப் போகிறார், சிவசங்கரிக்குப் பரீட்சை நடப்பதால் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை என்றாள். பிறகு பைக்குள்ளிருந்து டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். எல்லாம் இங்கிலீஷில் கிறுக்கியிருந்தது. டாக்டர் அவசரத்தில் ஏதோ சொன்னார், பாதி விளங்கவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றாள்.

கோபி அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு எழுத்து விடாமல் இரண்டு தடவை படித்தான். தெரியாத ஒரு வார்த்தையைப் பக்கத்தில் போன நர்ஸை நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

"நரம்புல ரத்தம் தேங்கிப் புண்ணாயிருக்குது. நாள்பூரா நிக்கற வேல கூடவே கூடாது. குந்தும்போது கால ஒசத்தி வெச்சிக்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தணும். ஆறு வாரம் கயிச்சி வரணும். ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு அப்ப சொல்லுவாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

அவள் காகிதத்தை வாங்கி மடித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்கே, நான் போகிறேன் என்று அவனும் எழப் பார்த்தான். நீ குந்து, வர்றேன், என்று சொல்லிவிட்டு, விந்தி விந்தி நடந்து, காம்பவுண்டு ஓரமிருந்த மருந்துக்கடைக்குப் போனாள். மருந்து வாங்கத்தான் போகிறாள் என்று முதலில் நினைத்தான். ஆனால் மருந்தெல்லாம் மஞ்சள் கவரில் கட்டி அவளுடைய பைக்குள்ளேயே இருந்தது, அவன் கண்ணெதிரிலேயே.

கடைக்காரரிடம் அவள் காகிதத்தை விரித்துக் கொடுப்பது வராந்தாவிலிருந்து தெரிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்துச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஏதோ கேட்டாள். அவர் மறுபடி ஒரு வரியைக் காட்டிச் சொன்னார். கோபிக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. அவள் பை பக்கத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. உட்கார்ந்திருந்தான்.

அவள் திரும்பி வந்து, தூணைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கி, காலை மறுபடி பைமேல் நீட்டினாள்.

"அவுரும் அதான் சொல்றாரு," என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சரியாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிவிக்கிற குரல்தான். அவன் தலையாட்டினான்.

கங்கையா ஒரு மணிக்கு மேல் வந்தார். ஜிம்மில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆபீசர் ஆனவன் லீவு நாளில் வந்து பார்க்கிறானே என்று கோபியின் தோளைத் தட்டினார். கோபி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனான். சித்தூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் வெங்கடம்மாவைக் கால் நீட்டி உட்கார வைக்க கண்டக்டரிடம் சொல்லி இடம் பிடித்தான். பஸ் கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. கங்கையா ஜன்னல் வழியாக அவனிடம் போர் தண்ணீர் வற்றிப்போனதையும், இந்த வருடம் தக்காளி வேண்டாம், ராகி போடலாமா என்று யோசிப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். வெங்கடம்மா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். கோபி கீழே நின்று, கங்கையா சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமாம் மாமா, ஆமாம் மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.